புரியாத பாட்டுகள் மட்டும்

மார்ச் 4

வாலுக்கு,

நலம். போனில் பேசினால் பாதியிலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம், இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று சொன்னவள் நீ. சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் எழுதவில்லை. இப்போது எழுதுவதும் ஒரு காரியமாகத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'காரியம் இருந்தால்தான் அக்காவுக்கு என் ஞாபகம் வரும்' என்று நீ எழுதும் சிரமம் மிச்சம்.

நீ அனுப்பிய பாட்டுகளில் ஒன்று, பெண் குரலும் ஒரே ஒரு தந்தி வாத்தியமும் மட்டும் இருக்கும். நான் அதைத் தண்ணீர்ப் பாட்டு என்பேன். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றுவது போலப் போகும். அதில் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் நான் பாட்டு வைப்பது உனக்குத் தெரியும். கண் ஆபரேஷனில் நோயாளி விழித்துக்கொண்டே படுத்திருப்பார். கண்ணை மட்டும் சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்கிறோம். அறை அமைதியாக இருந்தால் கருவிகளின் சத்தத்தில் பயந்துவிடுவார். நம் மொழிப் பாட்டு வைத்தால் தியேட்டர் சிஸ்டர் கூடவே முணுமுணுப்பார், என் மனமும் வரிகளின் பின்னால் போய்விடும். அதனால்தான் அறையில் யாருக்கும் புரியாத பாட்டுகள் மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு கண்புரை ஆபரேஷன். நோயாளி வயதானவர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர், தீவு ஒன்றிலிருந்து வந்தவர். மகள் இங்கே வாழ்க்கைப்பட்டவள். மனைவி போன பிறகு, சில மாதங்களுக்கு முன் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறார். நம் மொழியில் அவருக்குத் தெரிந்தது 'சரி', 'போதும்'. அவருடைய மொழி எது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன அவசியம் என்று நினைத்தேன்.

முகத்தை மூடிய துணிக்குள் கல் மாதிரி படுத்திருந்தார். தண்ணீர்ப் பாட்டு வந்தது. ஒரு சரணம் முடிந்து குரல் கீழே இறங்கும் இடத்தில் தலையைத் திருப்பினார். பயந்து உதறியதல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படி. என் கருவி கண்ணுக்குள் இருந்தது.

"ஐயா, தலை, தலை" என்றார் சிஸ்டர். அது அவருக்குப் புரிந்திருக்காது. நான் கையை எடுப்பதற்குள் லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை பின்பக்கம் கிழிந்துவிட்டது.

புது லென்ஸை வேறு விதமாக உட்காரவைத்து முடித்தேன். கிழிந்ததை மகளிடம் சொன்னேன். பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் காரணமா என்று எனக்கே உறுதியில்லை. பார்வை தெளியுமா என்று சில வாரங்களில் தெரியும். இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறது. அதை என்னிடம் கொடுப்பார்களா என்பதும் அப்போது தெரியும்.

இத்தனை வருடமும் அது கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் புலம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் மிகக் கஷ்டமான கட்டத்துக்கு அதைத்தான் வைப்பேன். என் கை அதில் நிதானமாக இருக்கும். இப்போது பாட்டே இல்லாமல் வேலை செய்கிறேன். என் மூச்சு எனக்குக் கேட்கிறது. நன்றாக இல்லை.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

'நலம்' என்று ஒரே சொல், அதற்குப் பிறகு முழுக்கத் தீவுக்காரரின் கண். பரவாயில்லை, காரியமாக எழுதினாலும் எழுதினாயே.

பொருள் எழுதாதே என்று சட்டம் போட்டவள் நீ. ஒருமுறை ஆர்வம் தாங்காமல் ஒரு பாட்டின் இரண்டு வரிக்குப் பொருள் சொன்னதற்கு, "போச்சு, கெடுத்துட்ட" என்று போனை வைத்தாய். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நீ தியேட்டரில் வைக்கவே இல்லை என்று உன் தியேட்டர் சிஸ்டர்தான் எனக்குச் சொன்னார். இப்போது நீயே பொருள் கேட்கிறாய். படித்தவுடன் சிரிப்பு வந்தது. பிறகு துணிக்குள் படுத்திருந்த அந்த மனிதரை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. இந்த ஒலிக்காப்பகத்தில் ஊர் ஊராகப் போய்ப் பதிந்த பழைய நாடாக்கள் குவிந்து கிடக்கின்றன. என்ன வாத்தியம், ஆணா பெண்ணா, நாடா எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்டுக் குறிப்பதுதான் என் வேலை. வரிகளை வேறு யாரோ பார்ப்பார்கள். எனக்கு உன் தண்ணீர்ப் பாட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வெந்துவிட்டதா என்று காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னுடைய கைவிடப்பட்ட பெண்ணை விட என் ஆள் பரவாயில்லை, அவளுக்குச் சாப்பாடாவது கிடைக்கும்.

அடுத்த அறையில் நாடாக் கருவிகளைப் பழுது பார்ப்பவர் உன் பாட்டின் நாடா உறையில் எழுதியிருக்கும் தீவுகளின் பக்கத்தைச் சேர்ந்தவர். மெதுவாகப் பேசினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். அதனால் எங்களுக்கு அவர் 'இடிக்குரல்'. லீவில் இருக்கிறார். வந்ததும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உள்ளேயே வைத்திருந்தால் புளித்துப்போகும். இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய தொகுப்பில் கடைசிப் பாட்டு நான் எழுதி நானே பாடியது. நம் மொழியில். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகிக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். உலகத்தில் யார் யாரோ பாடுவதை வருடக்கணக்கில் கேட்கிறாய். கூடப் பிறந்தவள் பாடினால் மட்டும் உனக்குக் காது கேட்காது.

வாலு


மார்ச் 29

வாலுக்கு,

முதல் பரிசோதனைக்கு வந்தார். வீக்கம் இன்னும் இருக்கிறது. என் விரல்களை எண்ணச் சொன்னால் எண்ணுகிறார், எழுத்துகள் தெரியவில்லை. நான் மகளிடம் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கலாம். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

இடிக்குரல் வந்துவிட்டாரா?

நீ கடைசியாக எழுதியிருந்ததற்குப் பதில், பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

'பிறகு' என்ற சொல்லை உன்னிடமிருந்துதான் கற்க வேண்டும்.

உட்கார்ந்து படி. இடிக்குரல் வந்த அன்று, காப்பகத்தில் எல்லோரும் டீ குடிக்கும் சின்ன அறைக்குப் பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். நேராக வரிகளைக் கேட்காமல், முதலில் அவர் பாட்டைக் கேட்கட்டும் என்று வைத்தேன். கோப்பையைக் கையில் பிடித்தபடி யாரிடமோ சம்பளக் குழுவைத் திட்டிக்கொண்டிருந்தார். குரல் இறங்கும் அந்த இடம் வந்தது. மனிதர் பேச்சை நிறுத்தாமலே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். டீ சட்டையில் கொட்டியது. பிறகுதான் என்ன பாட்டு என்றே கவனித்தார்.

"இதை யாரும்மா இவ்வளவு மெதுவா பாடியிருக்கா? செத்த வீட்டுல பாடற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப இது சோகப் பாட்டு இல்லையா?"

"சோகமா? சின்னப் பிள்ளைங்க விளையாட்டு."

பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்களாம். ஒருத்தி பாடிக்கொண்டே முதுகுப் பக்கமாகச் சுற்றி வருவாளாம். பாடும்போது யாரும் திரும்பக் கூடாது. குரல் இறங்கும் இடத்தில் வரும் வரி: 'உன் பின்னால் நிற்கிறேனா, பார்.' அந்த வரி முடிவதற்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். திரும்பாதவன் அவுட்.

அந்தத் தீவுகளில் எல்லோரும் இதை ஆடித்தான் வளர்கிறார்களாம். கிழவனானாலும் அந்த வரி கேட்டால் கழுத்து தானாகத் திரும்பிவிடும் என்கிறார். வெளியூர்ச் சந்தையில் தங்கள் ஊர்க்காரன் எவனாவது இருக்கிறானா என்று பார்க்க, கூட்டத்தில் அந்த வரியை விசிலடித்துப் பார்ப்பார்களாம்.

யாரோ ஒரு மேடைப் பாடகி இந்த விளையாட்டுப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடிப் பதிந்திருக்கிறாள். நீ அதை வைத்துக் கண்ணறுத்தாய். அதாவது அக்கா, கண்ணைத் திறந்து வைத்துப் படுத்திருக்கும் மனிதனிடம் 'அசையாதே' என்று சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் 'பின்னால் பார்' என்று பாட விட்டிருக்கிறாய்.

கைவிடப்பட்ட பெண்ணாம்.

வாலு


ஏப்ரல் 20

வாலுக்கு,

நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. அதனாலேயே சந்தேகமும் வருகிறது.

ஒரு ஆள், ஒரு தடவை. டீ அறையில் யாரோ வந்த சத்தத்துக்கும் திரும்பியிருக்கலாம். நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பார்வையிலேயே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் வேறு யாராவது இருந்தால், நீ அறையில் இல்லாதபோது, நடுவில் வேறு பாட்டுகளும் கலந்து வைத்துப் பார்க்க வேண்டும். திரும்ப வைப்பது வரியா ராகமா என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. தீவுக்காரர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று நான் உனக்கு எழுதவில்லை. நீயும் இடிக்குரல் எந்தப் பக்கம் திரும்பினார் என்று எழுதவில்லை. நான் சொல்வதற்கு முன் நீ சொல்.

விளையாட்டுப் பாட்டு என்று தெரிந்த பிறகு ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கைவிடப்பட்ட பெண் போகவில்லை. வட்டத்துக்கு வெளியே இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். இது எப்படி என்று தெரியவில்லை. கேட்பவளின் பழக்கமாக இருக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நீ கல்யாணம் பண்ணாததில் எந்த ஆணுக்கும் நஷ்டமில்லை. பெண் பார்க்க வந்தவனிடமே இரண்டாவது பரிசோதனை கேட்டிருப்பாய்.

செய்தேன். இடிக்குரல் தன் மனைவியையும் மைத்துனனையும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார். அவர்களும் அதே தீவுக்காரர்கள், விஷயம் தெரியாது. சாப்பிட்ட பிறகு மனைவியும் மைத்துனனும் பாத்திரம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார்கள். வேறு வேறு ஊர்ப் பாட்டுகளுக்கு நடுவில் உன் பாட்டைச் செருகி ஓடவிட்டு, நாங்கள் மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். திருடர்கள் மாதிரி இருந்தது. அந்த இடத்தில் இரண்டு தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. அந்தம்மா தட்டைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

உன் அடுத்த சந்தேகத்துக்கு, இடிக்குரல் அந்த வரியை வாத்தியத்தில் மட்டும் வாசித்துப் பதிந்து தந்தார். அதை மைத்துனனுக்குப் போட்டேன். தலை திரும்பவில்லை, தோள் லேசாக அசைந்தது. பிறகு அந்தம்மாவிடம் ராகமே இல்லாமல் வரியை மட்டும் பேச்சுப் போலச் சொல்லச் சொன்னேன். அதற்கும் மைத்துனன் திரும்பவில்லை. "யார் நிக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆக, வரி மட்டுமில்லை, ராகம் மட்டுமில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கழுத்துக்குக் கேட்கிறது. இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவாய்?

இடப்பக்கம். எல்லோரும் இடப்பக்கம்தான். பாடுகிறவள் எப்போதும் வலமிருந்து இடமாகச் சுற்றுவாளாம்.

இப்போது நீ சொல். என் பாட்டைப் பற்றியும் சொல். உன்னுடைய 'பிறகு' வந்துவிட்டதா?

வாலு


மே 14

வாலுக்கு,

இடப்பக்கம்தான்.

காரணம் தெரிந்துவிட்டால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது, அவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற பயம்.

நேற்று மகளோடு வந்தார். கண் தெளிந்துவிட்டது. சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தார். இருந்தாலும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனில் பாட்டை வைத்தேன். இதைச் செய்திருக்கக் கூடாதோ என்னவோ. நீ சொன்னதை என் கண்ணால் பார்க்காமல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இடம் வந்தது. அப்பாவும் மகளும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பினார்கள். பின்னால் மருந்து அலமாரி இருந்தது.

"இது எப்படி உங்ககிட்ட மேடம்?" என்றாள் மகள்.

சொன்னேன். தியேட்டரில் இந்தப் பாட்டைத்தான் வைத்திருந்தேன், எனக்கு இதன் பொருள் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே முடிவு செய்திருந்தேன், அதனால்தான் அவர் தலை திரும்பியது, பை கிழிந்தது. மகள் முகம் சுருங்கியது. அப்பாவுக்கு அதை மெதுவாகச் சொன்னாள். அவர் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். அவளை நிறுத்தி என்னவோ கேட்டார், மறுபடியும் கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாட்டு நிஜமாவே ஓடுச்சான்னு கேக்கறாரு. கனவுன்னு நினைச்சிருக்காரு. அசையாதேன்னு சொல்லியும் நாமளே அசைஞ்சு டாக்டர் வேலையைக் கெடுத்துட்டோம்னு வெட்கம். எங்கிட்டகூடச் சொல்லலை பாருங்க" என்றாள் மகள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க முதல்லயே கேட்டிருக்கலாம் மேடம், எந்த மொழின்னு. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்."

கேட்டிருக்கலாம் என்றேன். இனிமேல் கேட்பேன் என்றும் சொன்னேன். சிஸ்டர் இப்போது எல்லா நோயாளியிடமும், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, என்னென்ன மொழி தெரியும் என்றும் கேட்கிறார். 'சொட்டு மருந்துக்கு எதுக்கும்மா மொழி?' என்று ஒருவர் திருப்பிக் கேட்டாராம்.

இரண்டாவது கண்ணுக்கு நல்ல டாக்டர்கள் இரண்டு பேரைச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். இந்தம்மாவிடம்தான் செய்துகொள்வேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். மகள் எனக்குச் சொன்னாள்:

"பாட்டு இல்லாமப் படுக்க மாட்டாராம், அந்தச் சத்தம் பயமா இருக்காம். ஆனா அவருக்குப் புரியாத பாட்டா இருக்கணுமாம். டாக்டரம்மாவோட மொழியிலேயே போடச் சொல்லு, அதுதான் எனக்கு ஒண்ணுமே புரியாதுங்கறாரு."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

இப்போது உன் பாட்டைப் பற்றி. கேட்டேன். வந்த அன்றே, எல்லோரும் போன பிறகு, தியேட்டரிலேயே உட்கார்ந்து கேட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பிடிக்காததால் இல்லை. வேறு எந்தப் பாட்டிலும் பொருள் என்னிடம் வராது, நான்தான் ஒன்றை வைத்துக்கொள்வேன். உன் பாட்டில் பொருள் நேராக என்னைப் பார்த்து வந்தது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்தேன், ஒரு மாதம் ஆகிவிட்டது, பிறகு சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது.

அந்தப் பாட்டை அவருக்கு வைக்கட்டுமா? முதலில் பழகிப் பார்ப்பேன். படிக்கும் பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பின் கீழே தக்காளியின் தோலை உரித்துத்தான் கை பழகுவார்கள், கண்ணின் அந்தப் பையும் அவ்வளவு மெல்லியது. உன் பாட்டில் தக்காளி தப்பித்தால்தான் அவரிடம் வைப்பேன்.

அக்கா


மே 25

அக்கா,

வை.

ஆனால் இரண்டாவது சரணத்தில் எனக்கு மூச்சு முட்டும். அங்கே மட்டும் கவனமாக இரு. அவர் கண்ணுக்காகச் சொல்கிறேன், என் மானத்துக்காகவும்.

தக்காளி என்ன ஆயிற்று என்று எழுது.

வாலு


ஜூன் 12

வாலுக்கு,

முதல் தக்காளி கிழிந்தது. இரண்டாவது சரணத்தில்தான். அடுத்ததும் கிழிந்தது. அன்றைக்கு சிஸ்டர் அதை வைத்து ரசம் வைக்கலாம் என்றார். தினமும் வேலை முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வரிகளை விரட்டப் பார்த்தேன், போகவில்லை. பிறகு விரட்டுவதை விட்டுவிட்டேன். இந்த வரிக்குப் பிறகு இந்த வரி வரும் என்று மனதுக்குத் தெரிந்துபோனதும் அது பின்னால் ஓடுவதை நிறுத்திவிட்டது. பக்கத்தில் நடந்து வந்தது. தோல் முழு வட்டமாக வந்தது, ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் விடாமல். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தேதி கொடுத்தேன்.

நேற்று ஆபரேஷன். உன் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். சிஸ்டர் முணுமுணுக்கவில்லை. முகமூடிக்கு மேலே அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், "பின்னால திரும்பி நில்லுங்க" என்றேன். தீவுக்காரர் அசையவில்லை. நீ மூச்சு முட்டும் இடத்தில் என் கையை அப்படியே நிறுத்தி வைத்தேன், நீ மூச்சு எடுத்ததும் தொடர்ந்தேன். பை கிழியவில்லை. இன்று காலை கட்டை அவிழ்த்தோம். நன்றாகத் தெரிகிறது என்று மகள் சொல்வதற்கு முன்பே அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

போகும்போது ஒன்று கேட்டார். பாடியவள் பாட்டு முழுக்க யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளே, அந்த ஆள் கடைசியில் திரும்பிப் பார்த்தாரா என்று. மகள் அதைச் சொல்லிவிட்டு, "எதோ கற்பனை பண்ணிக்கிறாரு மேடம், மன்னிச்சுக்கங்க" என்றாள். அவர் ஒரு வரியையும் புரிந்துகொள்ளவில்லை. தண்ணீர்ப் பாட்டுக்கு நான் பொருள் வைத்துக்கொண்டது போல அவரும் வைத்துக்கொண்டிருக்கிறார். என்னுடையதை விட அவருடையது சரியாக இருக்கிறது.

எனக்கு உன் பாட்டில் எல்லாச் சொல்லும் தெரியும். அதனாலேயே புரிந்துவிட்டது என்று இரண்டு வருடம் நினைத்துவிட்டேன். தக்காளிகளோடு இத்தனை நாள் கேட்டதில் ஒரு இடம் மட்டும் பிடிபடவே இல்லை. 'ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்' என்று பாடுகிறாயே. அதில் என் பக்கத்துத் தாழ்ப்பாள் தெரிகிறது. உன் பக்கத்தில் போட்டது யார், எப்போது, எதற்காக? தெரியாத மொழியாக இருந்திருந்தால் நானே ஏதாவது ஒரு பதிலை வைத்துக்கொண்டிருப்பேன்.

எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய். நீ என்ன சொன்னாலும் நான் வைக்க மாட்டேன்.

அக்கா